போகும்போது மெட்ரோ, திரும்பும்போது பஸ்: புது ஊரைச் சுற்றிப் பார்க்க எந்த வண்டி?

புதிதாக ஒரு பெரிய நகரத்துக்குப் போகிறீர்கள், கையில் இரண்டு மூன்று நாள்தான் இருக்கிறது, டாக்சி வேண்டாம், ஊர்க்காரர்கள் போகிற வண்டியிலேயே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவும் செய்துவிட்டீர்கள். நல்லது. ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. மெட்ரோ, பஸ், டிராம், புறநகர் ரயில், படகு, சில ஊர்களில் ரோப் கார் என்று ஐந்தாறு வண்டிகள் இருக்கும். அதற்கு மேல் ஒருநாள் பாஸ், மூன்று நாள் பாஸ், மியூசியமும் சேர்ந்த சிட்டி கார்டு என்று டிக்கெட்டிலேயே நாலு வகை. இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் போனை எடுத்து, போக வேண்டிய இடத்தை மேப்பில் தட்டி, அது காட்டுகிற முதல் வழியில் கிளம்பிவிடுகிறார்கள்.

அந்த ஆப்புக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆபீஸுக்கு ஓடுகிறவருக்கும் ஊர் பார்க்க வந்தவருக்கும் அது ஒரே பதிலைத்தான் சொல்லும்: எதில் போனால் சீக்கிரம் போகலாம். ஊர் பார்க்க வந்தவருக்கு வழியில் இருப்பதும் ஊர்தானே. அதனால் நான் கணக்கை வேறு மாதிரி போடுகிறேன். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், இந்தப் பயணத்தில் நேரம் முக்கியமா, ஜன்னல் முக்கியமா என்று பார்ப்பேன். காலையில் கூட்டம் சேர்வதற்குள் ஒரு கோட்டைக்கோ மியூசியத்துக்கோ போய்ச் சேர வேண்டும் என்றால் நேரம். பார்த்து முடித்து, கால் வலியோடு, அடுத்து எங்கேயும் அவசரமாகப் போக வேண்டியதில்லை என்றால் ஜன்னல். பெரும்பாலும் இது போகும்போது மெட்ரோ, திரும்பும்போது பஸ்ஸோ டிராமோ படகோ என்றுதான் வந்து நிற்கும். டிக்கெட்டைப் பற்றிய முடிவு இதற்கெல்லாம் பிறகு.

மெட்ரோ: வேகம் உண்டு, ஊர் தெரியாது

மெட்ரோவின் நல்ல குணங்களை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிக்னல் கிடையாது, சாலை நெரிசல் கிடையாது, பாதையின் நிறத்தையும் கடைசி ஸ்டேஷன் பெயரையும் பார்த்து ஏறினால் மொழி தெரியாத ஊரிலும் வழி தவறாது. சிக்கல் அதன் வரைபடத்தில் இருக்கிறது. லண்டன் பாதாள ரயிலுக்கு ஹாரி பெக் என்பவர் 1931இல் வரைந்து 1933இல் அச்சான படம்தான் இன்று உலகம் முழுக்க உள்ள மெட்ரோ படங்களுக்கு முன்மாதிரி. கிடைக்கோடு, செங்குத்துக் கோடு, 45 பாகைச் சாய்வு, அவ்வளவுதான். எந்த ஸ்டேஷனுக்கு அடுத்து எது என்பதைக் காட்டும், தூரத்தைக் காட்டாது. ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு அது போதும். நடக்கலாமா, ரயில் ஏறலாமா என்று மேலே தெருவில் நின்று யோசிப்பவருக்குப் போதாது. அதே லண்டனில் லெஸ்டர் ஸ்கொயர் ஸ்டேஷனுக்கும் கோவென்ட் கார்டன் ஸ்டேஷனுக்கும் நடுவில் வெறும் 260 மீட்டர்தான். கீழே இறங்கி, ரயிலுக்குக் காத்திருந்து, ஒரு ஸ்டேஷன் போய், அங்கே லிஃப்டுக்கு வரிசையில் நின்று மேலே வருவதற்குள் நடந்தே போய்ச் சேர்ந்திருக்கலாம். நகரத்தின் மையப் பகுதியில் இரண்டு ஸ்டேஷன் தூரம் என்றால் மெட்ரோ படத்தை மூடிவிட்டு, தெருக்கள் உள்ள மேப்பில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பாதி நேரம் நடைதான் ஜெயிக்கும்.

ஸ்டேஷன் பெயரும் ஒரு வம்பு. டெல்லியில் குதுப் மினார் என்று பெயர் போட்ட ஸ்டேஷனில் இறங்கினால் மினார் வாசலுக்கு இன்னும் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் போக வேண்டும், வெயில் நாளில் அதை நடந்து கடக்க யாரும் விரும்பமாட்டார்கள். அதே டெல்லியில், 2017இல் நீட்டப்பட்ட வயலட் பாதையில் உள்ள லால் கிலா, ஜாமா மசூதி ஸ்டேஷன்கள் பெயருக்கு ஏற்ற இடத்திலேயே இருக்கின்றன. ஆக பெயரை நம்பாமல் எந்த வாசல் வழியாக வெளியே வருவது, அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. பெரிய ஸ்டேஷன்களில் வாசல் எண் மாறினால் சாலைக்கு அந்தப் பக்கம் போய் முளைப்பீர்கள். பாதை மாறுகிற இடங்களிலும் அப்படித்தான். பாரிஸில் ஷாத்லே போன்ற சந்திப்பில் ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாறுவது தனியாக ஒரு நடைப்பயிற்சி. மேப் ஆப் மூன்று நிமிடம் மிச்சம் என்று சொல்லி இரண்டு முறை மாறச் சொன்னால் நான் மாறமாட்டேன், ஒரே வண்டியில் போகிற வழி இருக்கிறதா என்று தேடுவேன். கூகுள் மேப்பிலேயே குறைவான மாற்றம், குறைவான நடை, பஸ் மட்டும் போதும் என்றெல்லாம் கேட்டுக்கொள்ளலாம், அந்த இடத்தைத் தொடுகிறவர்கள்தான் குறைவு.

மெட்ரோவிலும் ஜன்னல் உள்ள பாதைகள் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாரிஸ் 6ஆம் பாதை பாஸி ஸ்டேஷனுக்கும் பிர் ஹக்கெய்ம் ஸ்டேஷனுக்கும் நடுவில் பாலத்தின் மேல் சேன் நதியைக் கடக்கும்போது ஈஃபில் கோபுரம் முழுதாகத் தெரியும், சாதாரண மெட்ரோ டிக்கெட்டில். டோக்கியோவில் யமனோத்தே பாதை தரைக்கு மேலே வட்டமாக ஓடுகிறது, 34.5 கிலோமீட்டர், 30 ஸ்டேஷன், ஒரு சுற்று சுமார் ஒரு மணி நேரம். வுஎனோ, அகிஹபாரா, ஷிபுயா, ஷின்ஜுகு எல்லாம் அதன் மேலேயே இருப்பதால் அங்கே கேள்வியே எழாது, அந்த ரயில்தான். டிரைவர் இல்லாத யுரிகமோமே ரயிலில் முன் இருக்கை கிடைத்தால் வளைகுடாவைக் கடக்கிற ரெயின்போ பாலத்தை டிரைவர் பார்க்கிற மாதிரி பார்க்கலாம். மாஸ்கோவிலும் ஸ்டாக்ஹோமிலும் ஸ்டேஷன்களே பார்க்க வேண்டிய இடங்கள். 1935இல் தொடங்கிய மாஸ்கோ மெட்ரோவின் பழைய ஸ்டேஷன்கள் அரண்மனைக் கூடங்களைப் போலப் பளிங்கும் சரவிளக்குமாக இருக்கும். ஸ்டாக்ஹோமில் 100 ஸ்டேஷனில் 90க்கும் மேற்பட்டவற்றில் ஓவியமோ சிற்பமோ இருக்கிறது. இந்த மாதிரி ஊர்களில் மழை பெய்கிற மத்தியானத்தை மெட்ரோவுக்கே ஒதுக்கலாம்.

பஸ்: யாரும் நம்பாத நல்ல வண்டி

புது ஊரில் பஸ் என்றால் எல்லோருக்கும் ஒரு பயம். எங்கே இறங்குவது என்று தெரியாது, அறிவிப்பு புரியாது, சில்லறை இருக்காது. இவை பழைய பயங்கள். இப்போது போனில் நீலப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே போகலாம், நிறுத்தம் வருவதற்கு ஒன்று முன்னால் எழுந்தால் போதும். சில்லறை விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் பல ஊர்களில் பஸ்ஸில் பணமே வாங்குவதில்லை, லண்டனில் 2014இலிருந்தே நிறுத்திவிட்டார்கள். கார்டோ போனோ தட்ட வேண்டும்.

பஸ்ஸின் பலம் அது போகிற தெருக்கள். பழைய பஸ் வழித்தடங்கள் பெரும்பாலும் ஊரின் முக்கியச் சாலைகளிலேயே போகும், அந்தச் சாலைகளில்தான் பார்க்க வேண்டிய கட்டடங்களும் இருக்கும். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் பெர்லினின் 100ஆம் எண் பஸ். பெர்லின் சுவர் 1989இல் விழுந்தது, அடுத்த ஆண்டு நவம்பரிலேயே கிழக்கையும் மேற்கையும் சேர்க்கிற முதல் பஸ் வழியாக இது ஓடத் தொடங்கியது. மாடி பஸ், ஸூ ஸ்டேஷனில் ஏறினால் வெற்றித் தூண், ஜனாதிபதி மாளிகை, ரைஷ்டாக் என்கிற நாடாளுமன்றக் கட்டடம், பிராண்டன்பர்க் வாசல், அன்டர் டென் லிண்டன் சாலை, மியூசியம் தீவு எல்லாவற்றையும் தாண்டி அலெக்ஸாண்டர் சதுக்கத்தில் இறக்கிவிடும். சாதாரண டிக்கெட்தான். திரும்பும்போது 200ஆம் எண்ணில் வந்தால் போட்ஸ்டாம் சதுக்கம் வழியாக வேறு தெருக்களைப் பார்க்கலாம். சுற்றுலா பஸ் கம்பெனிகள் தனியாகப் பணம் வாங்கிக் காட்டுகிற அதே கட்டடங்கள்தான், காதில் மாட்டிக் கேட்கிற விளக்கம் மட்டும் கிடைக்காது. லண்டனில் 15ஆம் எண் பஸ்ஸின் மாடியில் முன் வரிசை கிடைத்தால் டிரஃபால்கர் சதுக்கம், செயின்ட் பால் தேவாலயம், லண்டன் டவர் மூன்றும் வரிசையாக வரும்.

பஸ்ஸின் பலவீனமும் அந்தத் தெருக்களில்தான். மாலை ஐந்தரைக்கு ஏறினால் ஒரே சிலையை இருபது நிமிடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அலுவலக நேரத்தில் பஸ்ஸைத் தொடாதீர்கள். காலை ஒன்பதரைக்கு மேல் மாலை நாலு வரை, அப்புறம் ஏழுக்குப் பிறகு நன்றாக இருக்கும். ஒருவழிச் சாலைகளும் குழப்பும். வந்து இறங்கிய நிறுத்தத்துக்கு நேர் எதிரில் திரும்பிப் போகிற பஸ் நிற்கும் என்று எதிர்பார்த்தால், அது இரண்டு தெரு தள்ளி நிற்கும். இறங்கியதுமே திரும்புகிற நிறுத்தம் எங்கே என்று பார்த்துவைத்துக்கொள்வது நல்லது, களைத்துப்போன பிறகு தேடுவது எரிச்சல்.

முடிந்தால் பஸ்ஸைத் தொடக்க நிறுத்தத்திலேயே போய்ப் பிடியுங்கள். மாடியின் முன் இருக்கை வேண்டுமானால் அதைத் தவிர வேறு வழி கிடையாது.

டிராம்

டிராமுக்கு பஸ்ஸின் ஜன்னலும் இருக்கிறது, மெட்ரோவின் நிச்சயமும் கொஞ்சம் இருக்கிறது. தண்டவாளம் தெருவிலேயே தெரிவதால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று சந்தேகம் வராது, வழி தவறினால் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே நடந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடலாம். டிராம் உள்ள ஊர் என்றால் இரண்டையும் வைத்துப் பார்க்கும்போது நான் பஸ்ஸை விட்டுவிடுவேன்.

புகழ் பெற்ற டிராம்களை மட்டும் கவனமாக அணுக வேண்டும். லிஸ்பனின் 28ஆம் எண் டிராம் எல்லாப் பயணக் கையேட்டிலும் இருக்கிறது, இருக்கத் தகுந்ததும்தான்: 1930களின் சிறிய மஞ்சள் பெட்டிகள், செங்குத்தான மேடுகளிலும் வீட்டுச் சுவரைத் தொடுகிற வளைவுகளிலும் புது மாதிரி நீள டிராம்கள் திரும்ப முடியாது என்பதால்தான் இன்னும் ஓடுகின்றன. ஆனால் மார்ட்டிம் மோனிஸ் சதுக்கத்தில் பகல் பத்து மணிக்கு வரிசையில் நின்றால் உட்கார இடம் கிடைக்காது, பெட்டிக்குள் நெரிசலில் பிக்பாக்கெட்டும் உண்டு. மறுமுனையான காம்போ தே ஓரிகில் அதிகாலையில் ஏறினால் அதே வண்டி வேறு அனுபவம். அதுவும் முடியாவிட்டால் 12ஆம் எண் டிராம் அல்ஃபாமா மேட்டைச் சின்ன வட்டமாகச் சுற்றிக் காட்டும், அதில் கூட்டம் குறைவு. சான் பிரான்சிஸ்கோவிலும் இதே கதைதான். 1873இல் தொடங்கிய, தெருவுக்கு அடியில் ஓடும் கம்பி இழுத்துப் போகிற கேபிள் காருக்கு ஒரு முறை ஏறவே சாதாரண பஸ் டிக்கெட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும், வரிசையும் நீளம். எஃப் பாதையில் ஓடுகிற பழங்கால டிராமுக்கோ சாதாரணக் கட்டணம்தான். பழைய வண்டியில் போக வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் எஃப் போதும், செங்குத்து மேட்டில் தொங்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் கேபிள் காருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

பிராகில் 22ஆம் எண் டிராமை நான் ஏற்றத்துக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்வேன். தேசிய நாடக அரங்கின் பக்கத்தில் ஏறினால் நதியைக் கடந்து, வளைந்து வளைந்து மேலே ஏறி, கோட்டைக்குப் பின்பக்கம் கொண்டுவிடும். பொஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தம் வரை போய் இறங்கிவிட்டு, கோட்டையைப் பார்த்துக்கொண்டே நடந்து இறங்கலாம். மேட்டில் கோட்டையோ கோயிலோ உள்ள எந்த ஊருக்கும் இது பொருந்தும், ஏறுவதற்கு வண்டி, இறங்குவதற்குக் கால். வியன்னாவில் ரிங் சாலையை 1, 2 எண் டிராம்கள் முழு வட்டமாகச் சுற்றி வந்த காலம் 2008ஓடு முடிந்துவிட்டது, இப்போது நடுவில் ஒரு முறை மாறினால் சுற்றை முடிக்கலாம். பழைய கையேட்டை வைத்துக்கொண்டு போகிறவர்கள் இன்னும் ஒரே டிராமில் உட்கார்ந்து எங்கோ புறநகருக்குப் போய் இறங்குகிறார்கள். மெல்பர்னின் நகர மையத்தில் 2015இலிருந்து டிராம் இலவசம், அங்கே யோசிக்கவே வேண்டாம்.

ஹாங்காங் டிராம் 1904இலிருந்து ஓடுகிறது, முழுக்க மாடி டிராம், எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம். பின்பக்கம் ஏறி, இறங்கும்போது முன்பக்கம் பணம் கொடுக்க வேண்டும் என்பது முதல்முறை போகிறவரைக் கொஞ்சம் திகைக்க வைக்கும். மேல்தளத்தில் முன் ஜன்னல் கிடைத்துவிட்டால் முனை முதல் முனை வரை உட்கார்ந்தே ஊரின் ஒரு பாதியைப் பார்த்துவிடலாம்.

படகு இருந்தால் படகு

தண்ணீர் உள்ள ஊரில் பொதுப் படகு ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால் மற்றதெல்லாம் அப்புறம். ஊர் முழுவதும் ஒரே பார்வையில் தெரிவது தண்ணீரின் மேலிருந்துதான், ஏனென்றால் துறைமுக ஊர்களின் பெரிய கட்டடங்கள் பலவும் கரையைப் பார்த்தே கட்டப்பட்டவை, தெருவில் நின்றால் அவற்றின் முதுகைத்தான் பார்ப்போம்.

நேரத்தையும் ஜன்னலையும் எடைபோட இஸ்தான்புல்லைப் போல எடுப்பான ஊர் வேறு கிடையாது. 2013இல் திறந்த மர்மராய் ரயில் கடலுக்கு அடியில் சிர்கெஜியிலிருந்து உஸ்குதார் வரை, ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு, நாலு நிமிடத்தில் கொண்டுவிடும். எமினோனு படகுத்துறையிலிருந்து அதே உஸ்குதாருக்குப் படகில் போனால் கால் மணி நேரம் போல ஆகும், ஆனால் தோப்காபி அரண்மனை, மசூதிகளின் கோபுர வரிசை, கலாட்டா கோபுரம் எல்லாம் சுற்றிலும் நிற்கும். இரண்டுக்கும் ஒரே இஸ்தான்புல் கார்டுதான். மிச்சமாகிற பத்து நிமிடத்துக்காக யாராவது ரயிலில் போனால் அவருக்கு அன்று வேறு அவசர வேலை இருக்க வேண்டும். ஹாங்காங்கிலும் இதே நிலைமை. மெட்ரோ துறைமுகத்துக்கு அடியில் போய்விடும், 1888இல் தொடங்கிய ஸ்டார் ஃபெரியில் பத்து நிமிடத்துக்கும் குறைவாக மேலே மிதந்து போகலாம்.

பொதுப் படகா, சுற்றுலாப் படகா என்ற கேள்வியும் இங்கே வரும். நியூயார்க்கில் ஸ்டேட்டன் ஐலண்ட் ஃபெரி 1997இலிருந்து இலவசம், இரவு பகல் முழுக்க ஓடுகிறது, சுமார் 25 நிமிடப் பயணத்தில் சுதந்திர தேவி சிலை நன்றாகத் தெரியும். மன்ஹாட்டனிலிருந்து போகும்போது வலப்பக்கம் நிற்க வேண்டும். சிலை இருக்கிற தீவில் இது நிற்காது, சிலையின் காலடியில் நிற்க வேண்டுமானால் காசு கொடுத்துத் தனிப் படகில்தான் போக வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் போதுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், என்னைக் கேட்டால் போதும். அக்கரையில் எல்லோரும் இறங்கித் திரும்ப ஏற வேண்டும் என்பதால் உட்கார்ந்தபடியே திரும்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். பாங்காக்கில் சாவோ பிரயா நதியில் நீலக் கொடிச் சுற்றுலாப் படகும் ஆரஞ்சுக் கொடி சாதாரணப் படகும் ஒரே நதியில்தான் போகின்றன, முக்கியமான கோயில் துறைகளில் இரண்டும் நிற்கும், ஆரஞ்சில் கட்டணம் குறைவு, நெரிசல் அதிகம். சபான் தக்சின் ஸ்டேஷனில் மேம்பால ரயிலிலிருந்து இறங்கினால் படகுத்துறை காலடியில். ஆம்ஸ்டர்டாம் மத்திய ஸ்டேஷனுக்குப் பின்னால் ஐ என்ற நீர்ப்பரப்பைக் கடக்கிற படகுகளுக்கு டிக்கெட்டே கிடையாது.

வெனிஸ் மட்டும் கொஞ்சம் வேறு கணக்கு. 1ஆம் எண் வாப்பொரெட்டோ, அதாவது அந்த ஊர்ப் பொதுப் படகு, பெருங்கால்வாயின் எல்லா நிறுத்தத்திலும் நின்று நின்று மெதுவாகப் போகும், பார்க்க வந்தவருக்கு அதைவிட நல்லது கிடைக்காது. 2ஆம் எண் கொஞ்சம் வேகம். ஆனால் வெளியூர்க்காரர்களுக்கான ஒருவழி டிக்கெட் உள்ளூர்க்காரர் கொடுப்பதைப் போலப் பல மடங்கு, 75 நிமிடத்துக்குத்தான் செல்லும். அங்கே ஊருக்குள் எல்லாம் நடந்துவிட்டு, பாஸ் எடுத்த ஒரு நாளில் படகுப் பயணங்கள் அத்தனையையும் அடக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

பல ஊர்களில் ஆற்றுப் படகுகள் இரவில் ஓடாது. அந்த ஊர்களில் நான் சொன்ன வரிசையைத் திருப்பிப் போட வேண்டியதுதான், பகலில் படகில் போய்விட்டு இருட்டிய பிறகு மெட்ரோவில் திரும்ப வேண்டும்.

ரோப் காரைப் பற்றி இரண்டு வரி. கொலம்பியாவின் மெதெயினில் 2004இலும், பொலிவியாவின் லா பாஸில் 2014இலும் மலைச்சரிவில் குடியிருப்பவர்களின் தினசரிப் போக்குவரத்துக்காகவே இவற்றைத் தொடங்கினார்கள், சுற்றுலாவுக்காக அல்ல. அங்கே போனால் கட்டாயம் ஏறுங்கள், வேலை விட்டு மக்கள் திரும்புகிற நேரத்தில் மட்டும் வரிசையை அடைக்காமல் இருந்தால் நல்லது.

ஏறி இறங்கும் சுற்றுலா பஸ்

மேல்கூரை இல்லாத அந்தப் பஸ்களை நான் மட்டமாகப் பேசமாட்டேன். ஒரே நாள்தான் இருக்கிறது, நடக்க முடியாத பெரியவர்கள் கூட இருக்கிறார்கள், ஊரின் வரலாற்றை யாராவது காதில் சொல்லிக்கொண்டே வர வேண்டும் என்றால் அதுவே சரி. ஆனால் அதைப் போக்குவரத்தாக நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் ஒரே திசையில் வட்டமாகச் சுற்றும், அதனால் தாண்டிப்போன நிறுத்தத்துக்குத் திரும்ப வேண்டுமானால் முழு வட்டமும் சுற்றி வர வேண்டும். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது வர நேரமாகும். காலையில் தாமதமாகத் தொடங்கி மாலையிலேயே முடிந்துவிடும். வாங்குவதானால் முதல் நாள் இறங்காமல் ஒரு முழுச் சுற்று போய்விட்டு, எங்கே திரும்ப வர வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அந்த இடங்களுக்கு ஊர் வண்டியில் போகலாம். அந்த ஊரில் பெர்லின் 100 மாதிரி ஒரு பஸ் இருந்தால் இந்தச் செலவும் மிச்சம்.

டிக்கெட்டைக் கடைசியில் முடிவு செய்யுங்கள்

விமான நிலையத்தில் இறங்கியதுமே மூன்று நாள் பாஸ் வாங்கிவிடுகிறவர்கள் நிறைய. எங்கெங்கே போகப் போகிறோம் என்று தாளில் எழுதி, நடக்கிற தூரங்களை அடித்துவிட்டு, மிச்சம் எத்தனை முறை ஏறுவோம் என்று எண்ணிப் பார்த்தால் பல நாள்களில் மூன்று நாலு தடவைக்கு மேல் வராது. ஒருநாள் பாஸின் விலையை ஒரு டிக்கெட் விலையால் வகுங்கள், வருகிற எண்ணைவிட அதிக முறை ஏறுவீர்களா என்று பாருங்கள், கணக்கு அவ்வளவுதான். ஒன்றிரண்டு தடவை குறைந்தாலும் பாஸ் எடுக்கலாம் என்பேன், ஏனென்றால் பாஸ் கையில் இருந்தால் ஜன்னலில் எதையாவது பார்த்ததும் யோசிக்காமல் இறங்கிவிடுவோம். நிறைய குறைந்தால் வேண்டாம்.

லண்டன் போன்ற ஊர்களில் இந்தக் கணக்கே தேவையில்லை. வங்கிக் கார்டையோ போனையோ தட்டிக்கொண்டே போனால் ஒரு நாளின் உச்சவரம்பைத் தொட்டதும் மேற்கொண்டு பிடிக்கமாட்டார்கள். லண்டனில் பஸ்ஸிலோ டிராமிலோ ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ், டிராம் மாறினாலும் ஒரே கட்டணம், ஊர் பார்ப்பவருக்கு இது பெரிய வசதி. நியூயார்க்கிலும் உச்சவரம்பு உண்டு, அது 7 நாள் கணக்கு. இரண்டு எச்சரிக்கை. காலையில் கார்டு, மாலையில் போன் என்று மாற்றித் தட்டினால் அவை இரண்டு ஆள்களின் கணக்காகிவிடும், உச்சவரம்பு சேராது. ஒரு கார்டை இரண்டு பேர் தட்டவும் கூடாது, ஆளுக்கொன்று வேண்டும்.

பாஸ் எடுப்பதானால் அது எந்தக் கம்பெனியின் வண்டிக்குச் செல்லும் என்று பார்ப்பது விலையைப் பார்ப்பதைவிட முக்கியம். டோக்கியோவில் பாதாள ரயில் நடத்துகிற நிறுவனங்களே இரண்டு. டோக்கியோ மெட்ரோவின் 24 மணி நேர டிக்கெட் தோயெய் பாதைகளுக்குச் செல்லாது, வெளியூர்ப் பயணிகளுக்கென்று விற்கிற டிக்கெட் இரண்டுக்கும் செல்லும், ஆனால் யமனோத்தே பாதையை நடத்துகிற ஜேஆர் ரயில் நிறுவனத்துக்கு இரண்டுமே செல்லாது. பாரிஸில் மெட்ரோவுக்கு வாங்கிய ஒற்றை டிக்கெட்டில் பஸ் ஏற முடியாது. மெட்ரோவில் போய் பஸ்ஸில் திரும்ப நினைக்கிறவருக்கு இந்த மாதிரி விவரம்தான் திட்டத்தைக் கெடுக்கும். அடுத்து, பாஸ் 24 மணி நேரமா, அன்று நள்ளிரவு வரையா. 24 மணி நேரம் என்றால் முதல் நாள் மத்தியானம் தொடங்கி மறுநாள் காலையையும் அதிலேயே பார்த்துவிடலாம். நள்ளிரவு வரை என்றால் காலையிலேயே தொடங்கினால்தான் லாபம். பெர்லின் போலத் தடுப்புக் கதவே இல்லாத ஊர்களில் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, மெஷினில் முத்திரை குத்த வேண்டும். சாதாரண உடையில் வருகிற பரிசோதகரிடம் வெளியூர்க்காரன், தெரியாது என்று சொன்னால் எடுபடாது.

மியூசியமும் சேர்ந்த சிட்டி கார்டுகள் எனக்குப் பிடிப்பதில்லை. போட்ட காசை எடுக்க வேண்டும் என்று ஒரே நாளில் மூன்று மியூசியத்துக்கு ஓட வைத்துவிடும், இரண்டாவதிலேயே கண் மங்கிவிடும். நுழைவுச் சீட்டுகளை மட்டும் தனியாகக் கூட்டிப் பார்த்து, நீங்கள் எப்படியும் போகப் போகிற இடங்களுக்கே கார்டு விலை வந்துவிடுகிறது என்றால் மட்டும் வாங்குங்கள்.

கூட யார் வருகிறார்கள்

இதுவரை சொன்னதெல்லாம் தடதடவென்று படியேறுகிறவர்களுக்கு. முழங்கால் வலி உள்ள அம்மா அப்பா, தள்ளுவண்டியில் குழந்தை, சக்கர நாற்காலி, பெரிய பெட்டி என்று ஏதாவது ஒன்று கூட இருந்தால் மெட்ரோவை முதலில் வைக்காதீர்கள். பழைய மெட்ரோக்களில் படிகள் அதிகம், லிஃப்ட் குறைவு. லண்டனில் படியில்லாமல் போகக்கூடியவை மூன்றில் ஒரு பங்கு ஸ்டேஷன்கள்தான், அந்த ஊர் பஸ்களோ எல்லாமே தாழ்தளம், சாய்பலகை உள்ளவை. பாரிஸில் 14ஆம் பாதையைத் தவிர மெட்ரோ பெரும்பாலும் படிதான், அங்கேயும் பஸ்தான் கைகொடுக்கும். புதிய மெட்ரோ உள்ள ஊர்களில் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் இருக்கும், ஆனால் சாலையின் எந்தப் பக்க வாசலில் இருக்கிறது என்று தெரியாமல் போனால் அந்தச் சாலையைக் கடப்பதே பெரும்பாடு. லிஃப்ட் பழுதா என்பதைப் பல மெட்ரோ நிறுவனங்கள் தங்கள் ஆப்பிலேயே போடுகின்றன, கிளம்புகிற அன்று காலையில் போகிற ஸ்டேஷன், மாறுகிற ஸ்டேஷன் இரண்டுக்கும் பார்த்துவிடுங்கள்.